முடியாது என்று சொல்ல ஓர் ஒத்திகை

கண் பரிசோதனையில் எழுத்துப் பலகையைத் தடங்கலில்லாமல் படித்து முடித்த மனிதர், எழுந்து வந்து, திறந்திருந்த கதவை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்துச் சுவரைத் தள்ளினார்.

ஒரு தடவை தள்ளிப் பார்த்தார். திறக்கவில்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் பலமாக.

அந்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

யோசனையா... மறுபடியுமா என்று நீங்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. என் யோசனைகளின் கதி உங்களுக்குத் தெரியும். மாடித் தோட்டம் போடப்போவதாக இதே பக்கத்தில் ஆரவாரமாக எழுதினேன். இப்போது அங்கே ஒரே ஒரு கத்தரிச்செடி இருக்கிறது, அதுவும் என் மேல் உள்ள கோபத்தில்தான் உயிரோடு நிற்கிறது. தினமும் சைக்கிளில் ஊரைச் சுற்றும் திட்டம்? சைக்கிள் நன்றாகத்தான் இருக்கிறது, திட்டம் பஞ்சர். ஆனால் இது வேறு மாதிரி. முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

சுவரைத் தள்ளியவர் பெயர் சலீம் பாய். எங்கள் தெருவுக்கு அடுத்த சந்து. வயது அறுபத்தெட்டு. டிசைன் அட்டை குத்துவது அவர் தொழில்.

பட்டுப் புடவையில் ஓடுகிற மயிலும் மாங்காயும் முதலில் கட்டம் போட்ட கிராஃப் தாளில்தான் பிறக்கும். வரிவரியாகப் பார்த்து, நிறம் தீட்டிய கட்டத்துக்கு அட்டையில் ஓட்டை குத்த வேண்டும், காலிக் கட்டத்தை விட்டுவிட வேண்டும். அந்த அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டினால் எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று தறிக்குத் தெரிந்துவிடும். ஒருவர் தாளைப் பார்த்துச் சொல்வார், இன்னொருவர் கேட்டுக் குத்துவார். பாய் வீட்டில் சொல்வது அவர் மனைவி ஜமீலாக்கா.

“மூணு குத்து... ரெண்டு வுடு... ஒண்ணு குத்து...”

காலையில் அந்தச் சந்து வழியாகப் போனால் இதுதான் கேட்கும். எங்கள் ஏரியாவின் எஃப்.எம். ரேடியோ.

அந்தக் கண் பரிசோதனை நடந்த முகாமுக்கு இரண்டு நாள் முன்னால் ஜமீலாக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு விண்ணப்பப் படிவம்.

“பெரியவளுக்கு வாலாஜாபாத்ல மூணாவது பிரசவம்மா. ஒரு மாசமாச்சும் நான் கூட இருக்கணும். இந்த மனுஷனைத் தனியா வுட்டுட்டு எப்பிடிப் போவறது? சந்து முனை கால்வாயில ரெண்டு தரம் வுழுந்து எழுந்துட்டாரு. கேட்டா, செருப்பு வழுக்கிடுச்சுன்றாரு.”

“செருப்பு வழுக்கியிருக்கலாமேக்கா?”

“ரெண்டாவது தரம் செருப்பே போடல.”

பார்வை குறைந்தவர்களுக்கு மடக்குகிற வெள்ளைக் குச்சி கொடுக்கிறார்களாம், அதைத் தட்டித் தட்டித் தனியாக நடக்கப் பழக்கியும் விடுகிறார்களாம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மாற்றுத்திறனாளி என்று சான்றிதழ் வேண்டும். மருத்துவ முகாம் கல்யாண மண்டபத்தில். படிவத்தை நான் நிரப்பினேன், கூடவும் போனேன்.

மீதிதான் உங்களுக்குத் தெரியுமே. பாய் படித்தார். சுவரைத் தள்ளினார். கையில் கொடுத்த சீட்டில் ‘பார்வை இயல்பு’ என்று எழுதியிருந்தது. கீழே சின்னதாக, ‘வரி 4 படிக்கவில்லை’.

மண்டப வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டேன்.

“பாய், நிஜமாவே எழுத்து தெரிஞ்சுதா?”

“படிங்கன்னாங்க. படிச்சேன்.”

“தெரிஞ்சுதான்னு கேட்டேன்.”

“எனக்கு முன்னாடி எத்தினி பேரு படிச்சாங்க? ஒரு மணி நேரமா அதே எழுத்து காதுல வுழுந்துக்கினே இருந்துச்சு. மொத்தமே எட்டு வரி. நாற்பது வருஷமா காதால கேட்டுக் குத்தறவன்மா நானு. இது ஒரு பெரிய டிசைனா?”

குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஜமீலாக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“யா அல்லா. ஸ்கூல் பக்கமே போவாத மனுஷன், பாஸாவக் கூடாத பரீட்சையில போயி பாஸாயிட்டு வர்றாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஆட்டோவில் திரும்பும்போது பாய் சொன்னது சிரிப்பை நிறுத்திவிட்டது.

“வரிசையில பிள்ளையார்பாளையத்து ஆளுங்க குரல் கேட்டுச்சும்மா. நம்மகிட்ட டிசைன் குடுக்கறவங்களுக்குத் தெரிஞ்சவங்க. கண்ணு தெரியாதவன்கிட்ட எவன் கிராஃப் குடுப்பான்?”

அதாவது, ஆறு வருஷமாக அந்த வீட்டில் ஒரு நாடகம் நடந்துகொண்டிருந்திருக்கிறது. புது டிசைனோடு ஆள் வந்தால் பாய் தாளைக் கையில் வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்து, நல்லாயிருக்குது என்று தலையாட்டுவார். வந்தவர் போனதும் தாள் ஜமீலாக்கா கைக்குப் போகும். விரல் பழகிய வேலை, காது பழகிய வேலை... கண் எப்போது விலகிக்கொண்டது என்று யாருக்கும் தெரியவில்லை.

நீங்களே சொல்லுங்கள். இவரை என்ன என்று திட்டுவது?

நம் ஊர்க்காரர்களின் வாழ்நாள் பயிற்சியே ‘முடியும்’ என்று சொல்வதுதான். தீபாவளிக்குள் ஆகுமா? முடியும். இந்தக் கலர் வருமா? முடியும். முடியாது என்று ஒரு முறை வாய் தவறிச் சொன்னால் அடுத்த வேலை பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அப்படியே அறுபது வருஷம் ஓட்டியவரை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய், ‘முடியாது’ என்ற ஒரே வார்த்தை செல்லுபடியாகும் இடத்தில் நிறுத்தினால்? அங்கேயும் பழக்கதோஷத்தில் ‘முடியும்’தான்.

இன்னொன்றும் இருக்கிறது. மாற்றுத்திறனாளி என்றால் பிறவியிலேயே, அல்லது ஒரு விபத்தில் ஆனவர்கள் என்றுதான் நம் மனதில் படம். அறுபதுக்கு மேல் கண் மங்கினால், காது அடைத்தால், கால் இழுத்துக்கொண்டால் அதற்கு நம்மிடம் வேறு பெயர் இருக்கிறது. ‘வயசாயிடுச்சு.’ அந்த ஒரு வார்த்தையில் கதவைச் சாத்திவிடுகிறோம். முதியோர் உதவித்தொகைக்கு அலைகிறவர்களில் எத்தனை பேர், தங்களுக்கு ஒரு காது மெஷினோ சக்கர நாற்காலியோகூடக் கேட்க வழி இருக்கிறது என்று யோசித்திருப்பார்கள்?

சரி, என் யோசனைக்கு வருகிறேன். ஒத்திகை. நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறோம், கல்யாண மேடைக்கு ஒத்திகை பார்க்கிறோம். ‘முடியாது’ என்று சொல்ல ஓர் ஒத்திகை பார்த்தால் என்ன?

மறுநாளே பாய் வீட்டில், அட்டைக் கட்டுகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நான்தான் டாக்டர். பக்கத்து வீட்டு முனுசாமி அண்ணன் வேடிக்கை பார்க்க வந்தார். குழித்தறியில் முப்பது வருஷம் கால் போட்டு மிதித்தவர். இரண்டு முட்டியும் போய்விட்டது. ஆனால் அதைப் பற்றிப் பேசமாட்டார்.

“பாய், ஊசியில நூல் கோக்க முடியுமா?”

“ஜமீலா கோத்துக் குடுத்துடுவா.”

“உங்களால முடியுமா?”

“ஏன் முடியாது? அவ இருக்கறாளே.”

“ரோட்டுல எதிர்ல வண்டி வந்தா தெரியுமா?”

“ஹாரன் அடிப்பாங்கம்மா.”

“ஹாரன் அடிக்கலன்னா?”

“அப்ப அது வண்டிக்காரன் தப்பு.”

ஜமீலாக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். முனுசாமி அண்ணன் சிரிக்கவில்லை. அவர் பக்கம் திரும்பினேன்.

“அண்ணே, உங்களால உக்காந்து எழுந்திருக்க முடியுதா?”

“எழுந்திருக்கறதுலாம் ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா. ஒக்காந்தாதானே எழுந்திருக்கணும். நான் ஒக்கார்றதே இல்ல.”

அப்போதுதான் கவனித்தேன். முக்கால் மணி நேரமாக அவர் நின்றுகொண்டே இருந்திருக்கிறார்.

முதல் ஒத்திகையின் பலன்: பூஜ்யம்.

திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். போகிற வழியிலேயே நான் பாயிடம் அள்ளி விட்டிருந்தேன் — முதியோர் பென்ஷன் ஏற்கெனவே வருகிறது, சான்றிதழ் கிடைத்தால் அதோடு இன்னொரு பென்ஷனும் வரும் என்று. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ரெண்டும் சேர்த்து வராதுங்க. ஏதாவது ஒண்ணுதான்” என்றார். அரைகுறையாகப் படித்துவிட்டு அடுத்தவருக்குப் பாடம் எடுத்தால் இப்படித்தான் மூக்கு உடையும்.

பாய் உடனே எழுந்துவிட்டார். “அப்ப எதுக்கும்மா இதெல்லாம்? வா போவலாம்.”

“குச்சிக்கு,” என்றார் ஜமீலாக்கா. “ஒக்காருங்க.”

உட்கார்ந்தார்.

அந்த அலுவலக அம்மா நிதானமாகச் சொன்னார். சான்றிதழுக்கு மேல் வயது வரம்பு கிடையாது. குச்சியும் நடைப் பயிற்சியும் உண்டு. பஸ்ஸில் துணைக்கு வருகிறவருக்கும் சேர்த்துச் சலுகை கேட்கலாம். முகாமில் தவறிவிட்டால் அரசு மருத்துவமனையில் மறுபடி பரிசோதித்துக்கொள்ளலாம். கடைசியாக பாயைப் பார்த்து ஒரு வார்த்தை.

“அங்கயும் போயி பாஸாயிடாதீங்க, பெரியவரே.”

இரண்டு வாரம் கழித்து மருத்துவமனை. டாக்டர் ஒரு பெண். முன்னால் நோயாளிகள் கூட்டம், கண்ணில் களைப்பு. பாயை உட்கார வைத்து முதல் எழுத்தைக் காட்டினார். ஆள் உயரத்துக்கு ஒரு எழுத்து.

பாய் தலையைச் சாய்த்து, யாராவது முன்னால் படிக்கிறார்களா என்று காது கொடுத்தார்.

டாக்டர் முகாம் சீட்டைப் புரட்டினார். “இதுல எல்லா வரியும் படிச்சிருக்கீங்க. நாலாவது வரி மட்டும்தான் விட்டிருக்கீங்க. இப்ப முதல் எழுத்தே தெரியலன்னா நான் எதை நம்பறது?”

கேள்வியில் கடுமை இல்லை. ஆனால் நியாயம் இருந்தது. தினமும் எத்தனை பேர் அவரிடம் பொய் சொல்வார்களோ. இதோ, சீட்டில் எழுத்துப்பூர்வமாக ஆதாரம். இவர் நடிக்கிறார் என்று ஒரு வரி எழுதிவிட்டால் கதை முடிந்தது. குச்சி இல்லை, பயிற்சி இல்லை, ஜமீலாக்காவுக்கு வாலாஜாபாத் இல்லை.

பாய் நாற்காலியில் நெளிந்தார். எனக்குத் தெரியும், அடுத்து என்ன சொல்வார் என்று. ‘தெரியுது டாக்டர்’ என்பார். நாக்கு நுனியில் நின்றது அது. 

ஜமீலாக்கா அவர் தோளில் கை வைத்தார். அழுத்தக்கூட இல்லை.

“தெரியல டாக்டரம்மா,” என்றார் பாய். அப்புறம், இன்னும் மெதுவாக, “ஆறு வருஷமா தெரியல.”

“அப்ப இது?” டாக்டர் சீட்டைத் தட்டினார்.

“அது காதால படிச்சது.” பாய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். முகாம் பலகையை வரிவரியாகச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு வாரத்துக்கும் முன்னால் கேட்டது, ஓர் எழுத்து பிசகவில்லை. நாலாவது வரி வந்ததும் நிறுத்தினார்.

“இந்த வரி எனக்குத் தெரியாது. எனக்கு முன்னாடி படிச்ச அம்மா இதை வுட்டுட்டு அஞ்சாவதுக்குப் பூட்டாங்க. அதுக்கு முன்னாடி இருந்தவங்க ஆளுக்கொரு மாதிரி படிச்சாங்க, எது சரின்னு தெரியல. நானும் வுட்டுட்டேன். அப்பவே மனசுக்கு உறுத்தலா இருந்துச்சு டாக்டரம்மா. கிராஃப்ல ஒரு வரி வுட்டா மொத்த பூவும் கோணிக்கும்.”

டாக்டர் சீட்டைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள்... வெளியே நின்ற நர்ஸ் எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

“வாங்க. உங்களுக்கு யாரும் முன்னாடி படிச்சுக் காட்ட முடியாத டெஸ்ட் ஒண்ணு இருக்கு.”

பெரிய கிண்ணம் போல ஒரு மெஷின். அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு, ஒளிப்புள்ளி தெரிகிறபோதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். நான் பக்கத்தில் நின்று பட்டன் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன்.

முடிவு ஒரு தாளில் வந்தது. கட்டம் கட்டமாக. பார்வை போன இடமெல்லாம் கறுப்புக் கட்டங்கள், நடுவில் கொஞ்சம் வெளுப்பு. டாக்டர் விளக்க வாயெடுப்பதற்குள் ஜமீலாக்கா தாளைக் கையில் வாங்கிவிட்டார். கட்டம் போட்ட தாள் அல்லவா? அவருக்கு யாரும் படிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“குத்து... குத்து... குத்து...” வாய்க்குள்ளேயே வரியாகப் போனார். “எல்லாமே குத்து. நடுவுல மட்டும்... நாலு வுடு.”

பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டுப் பழகிய குரல். கேட்டுப் பழகிய கணக்கு. அவர் மனதில் அந்த டிசைன் முழுசாக விழுந்திருக்க வேண்டும்.

“அவ்ளோதான் மிச்சமா?” என்றார்.

டாக்டர் தாளைத் திருப்பி வாங்கினார்.

“கண் அழுத்த நோய். போனது திரும்ப வராது. இந்த நாலு கட்டத்தைக் காப்பாத்தலாம். தினமும் சொட்டு மருந்து, ஒரு நாள்கூட விடக்கூடாது.” அப்புறம், நான் பத்தி எழுதுகிறவள் என்று ஜமீலாக்கா முன்பே சொல்லியிருந்ததால், என்னைப் பார்த்தார். “ஆறு வருஷம் முன்னாடியே வந்திருந்தா இன்னும் நிறைய கட்டம் இருந்திருக்கும். எழுதறவங்கதானே நீங்க? இதை எழுதுங்க.”

எழுதிவிட்டேன் டாக்டர். தாய், தகப்பன், மாமனார், மாமியார் என்று வீட்டில் யார் அடிக்கடி ‘செருப்பு வழுக்கிடுச்சு’ என்று சொல்கிறார்களோ அவர்களைக் கண் காட்ட அழைத்துப் போங்கள். இந்த வாரப் பத்தியில் வேறு எதையும் மறந்தாலும் பரவாயில்லை.

அதற்கப்புறம் இன்னும் இரண்டு நடை, நாலு கையெழுத்து, மூன்று போட்டோ. சான்றிதழ் வந்தது. குச்சி வந்தது. சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்தார். அவருக்கே பார்வை கிடையாது. அவர் பாயின் சந்தில் வேகமாக நடந்து வருவதைக் கேட்டு பாய் அசந்துபோனார். இருபது நாளில் கால்வாய் ஓரம், மளிகைக் கடை, பள்ளிவாசல் என்று மூன்று பாதை பழகிவிட்டது. எத்தனை தட்டு, எங்கே திரும்ப வேண்டும் எல்லாம் மனப்பாடம். அந்தப் பரீட்சையில் அவரை ஜெயிக்க இந்த ஊரில் ஆள் இல்லை.

ஒரே ஒரு பயம் பாக்கி இருந்தது. பிள்ளையார்பாளையத்திலிருந்து பழைய வாடிக்கைக்காரர் புது டிசைனோடு வந்தார். பெயர் ஏகாம்பரம். அவர் படியேறும் சத்தம் கேட்டதும் பாய் குச்சியை மடக்கி அட்டைக் கட்டுக்குப் பின்னால் தள்ளப் பார்த்தார். குச்சி நழுவி ஏகாம்பரத்தின் காலடியிலேயே போய் விழுந்தது.

அவர் குனிந்து எடுத்தார். விரித்துப் பார்த்தார். மடக்கி பாயின் கையில் வைத்தார்.

“நல்லவேளை, வாங்கிட்டீங்க பாய்.”

“உனக்கு... தெரியுமா?”

“நாலு வருஷமா தெரியும். ஒரு தரம் கிராஃபைத் தலைகீழாப் புடிச்சுக்கினு, மயிலு ஜோரா இருக்குதுன்னீங்க.”

“அப்பறம் எப்பிடிப்பா எனக்கே குடுத்துக்கினு இருந்த?”

“அட்டை கரெக்டா வருதே. அக்கா படிக்கறாங்க, நீங்க குத்தறீங்க. இதுல கண்ணு யாருதுன்னு நான் எதுக்குப் பாக்கணும்?”

ஆறு வருஷ ரகசியம். யாரிடமிருந்து மறைத்தார்களோ அவருக்கு நாலு வருஷமாகத் தெரியும். இடையில் கால்வாயில் விழுந்ததுதான் மிச்சம்.

நீங்கள் இதைப் படிக்கும்போது ஜமீலாக்கா வாலாஜாபாத்தில் இருப்பார். போன செவ்வாய்க்கிழமை பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். வழியனுப்ப பாய் ஸ்டாண்டு வரை தட்டிக்கொண்டே நடந்து வந்தார், எங்களுக்கு முன்னால். தினமும் காலையில் அந்தச் சந்தில் எஃப்.எம். இன்னும் கேட்கிறது, இப்போது போன் ஸ்பீக்கரில். கிராஃப் தாள்களை அக்கா பையிலேயே எடுத்துப் போய்விட்டார். “மூணு குத்து... ரெண்டு வுடு... இரு இரு, கொழந்தை அழுவுது.”

பேத்தியாம்.

அடுத்து என்ன? வேறென்ன, ஒத்திகைதான். பக்கத்து ஊர் தாமலில் அடுத்த முகாம் வரப்போவதாகக் கேள்வி. அதற்கு முன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமை பாய் வீட்டில் இரண்டாம் சுற்று. இந்தத் தடவை டாக்டர் வேஷம் எனக்கில்லை, பாய்க்கு. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். “என்கிட்ட எவனும் ஏமாத்த முடியாதும்மா. எல்லா பதிலும் நான் சொன்னதுதானே.”

முனுசாமி அண்ணனும் வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார்... நாற்காலி மட்டும் போடக் கூடாதாம். 

போடத்தான் போகிறோம்.